வலிக்கிற பிள்ளையும் வயதாகும் தாயும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



தமிழ்நாட்டிலேயே மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது நம்முடைய தருமபுரி மாவட்டத்தில்தான். 1989ஆம் ஆண்டு, பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்தது. அப்போது குழுவில் சேர்ந்தவர்களில் சிலர் இன்றைக்குப் பாட்டியாக இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், கறவை மாடு, பிள்ளைகள் படிப்பு, பெண்ணுக்குக் கல்யாணம் என்று எல்லாவற்றையும் குழுவில் பேசியிருக்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. வளர்ந்து ஆளான மகனோ மகளோ உடம்பு வலியால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்தால் அந்தத் தாய் என்ன செய்வாள்? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

கட்டிலில் கிடந்த மகன்

நம் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். அங்கே ஒரு அம்மா. குழுவில் பதினைந்து வருடத்துக்கு மேலாக உறுப்பினர். ஒரு வாரம்கூடச் சந்தா பாக்கி வைத்ததில்லை. கணவர் இல்லை. ஒரே மகன். அந்தப் பையன் பதினேழு வயதிலேயே பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். நம்ம ஊர்ப் பையன்கள் எல்லோரும் போகிற வழிதானே அது. மாதாமாதம் பணம் அனுப்பினான், அந்த அம்மா ஓட்டு வீட்டைச் சரி பண்ணினார், பையனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தார்.

இருபத்தாறு வயதில் பையன் திரும்பி வந்துவிட்டான். "இடுப்பு வலிக்குதும்மா, கழுத்தைத் திருப்ப முடியல, காலையில எந்திரிச்சா ஒடம்பே மரக்கட்டை மாதிரி இருக்குது" என்றான். பத்து நாள் ரெஸ்ட் எடுத்தால் சரியாகும் என்று நினைத்தார்கள். பத்து நாள் பத்து மாதம் ஆனது. கை இருக்கிறது, கால் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? "எருமை மாதிரி இருக்கான், ஆத்தா சம்பாதிச்சுப் போடறா, படுத்துக்கிட்டுத் தின்றான்" என்று ஊரே பேசியது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போனாள்.

அந்த அம்மா முதலில் குழுவில் 20,000 ரூபாய் கடன் வாங்கினார். மாட்டுக்கு என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது. உண்மையில் அது கட்டு வைத்தியத்துக்கும் எண்ணெய்க்கும் போனது. பிறகு 50,000. அதுவும் ஊசிக்கும் மாத்திரைக்கும் போனது. மூன்றாவது முறை கேட்டபோது தவணை நான்கு மாதம் பாக்கி. குழுவில் ஒரே சத்தம். "உம் மவன் சோம்பேறித்தனத்துக்கு நாங்க வட்டி கட்டணுமா?" என்று ஒரு அக்கா கேட்டுவிட்டார். அந்த அம்மா எழுந்து நின்று, "எம் பையன் சோம்பேறி இல்லீங்க. ராத்திரி வலி தாங்காம தலகாணியக் கடிச்சுக்கிட்டு அழுவறான். அத நான்தான் பாக்கறேன்" என்றார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் செய்த தவறு

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். சமூகப்பணி படித்தவர்கள், களத்தில் வேலை செய்கிறவர்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மறுநாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பையனுக்குப் புத்தி சொன்னோம். "தம்பி, இந்த வயசுல இப்படி இருக்கலாமா? அம்மாவைப் பாருங்க. மனசு வச்சா முடியாதது எதுவும் இல்லை" என்று பெரிய உரையே ஆற்றினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் செங்கல் தூக்கப் போய், இரண்டாம் நாளே ஆட்டோவில் கொண்டுவந்து போட்டார்கள்.

வலியைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததை இல்லை என்று சொல்லிவிட்டோம். அதுதான் எங்கள் தவறு.

பிறகு ஒரு மருத்துவ முகாமில் மருத்துவர் அவனை மூன்றே மூன்று காரியம் செய்யச் சொன்னார். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடு என்றார். முழங்காலுக்குக் கீழே கை போகவில்லை. தாடையை நெஞ்சில் தொடு என்றார். கழுத்து மடங்கவில்லை. இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துப் பிடி என்றார். தோள் ஏறவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். பல்லில் பழுப்புக் கோடு. "வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். முன்கையில் எக்ஸ்ரே, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் எடுத்த பிறகு சொன்னார், இது எலும்பு புளோரோசிஸ் என்று.

நம் மண்ணில் உள்ள காரணம்

பல்லில் கறை இருப்பது நமக்குப் புதிதல்ல. எத்தனை பெண் பார்க்கும் படலம் அதனாலேயே நின்று போயிருக்கிறது! ஆனால் அந்தக் கறை நிலைக்கண்ணாடியில் தெரிகிற பகுதி மட்டும்தான். உள்ளே எலும்பிலும் அதே வேலை நடந்திருக்கலாம்.

நம் மாவட்டம் பாறை பூமி. அந்தப் பாறையில் புளோரைடு என்ற உப்பு கலந்திருக்கிறது. மழை குறைந்து, போர் ஆழமாகப் போகப் போக, பாறை இடுக்கில் வெகுகாலம் தங்கிய தண்ணீர் மேலே வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால், எலும்பு தேவைக்கு மேல் இறுகும். மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும் சுண்ணாம்பு படிந்து எலும்பு மாதிரி ஆகும். அதனால்தான் கழுத்தும் இடுப்பும் மடங்குவதில்லை. முற்றினால் முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தி நடக்கவே முடியாமல் போகலாம். வளரும் வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்து, பிறகு கடுமையாக உடலுழைப்பும் செய்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம்.

இது இன்று நேற்று வந்ததும் அல்ல. அந்நாளைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937இலேயே மருத்துவர்கள் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். நமக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் நிறைவேறி, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது. பெரிய காரியம்.

ஆனால் இந்தப் பையன் பிறந்து வளர்ந்ததெல்லாம் 2013க்கு முன்னால். குழந்தையில் குடித்தது போர் தண்ணீர். இன்னொன்றையும் கவனித்தோம். ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகும் அந்த அம்மா அதைக் குடிக்க மட்டும்தான் வைத்திருந்தார். சோறு, குழம்பு, களி, டீ எல்லாம் பழைய போர் தண்ணீரில். "குடிக்கிறதுக்குத்தானே நல்ல தண்ணி, ஆக்கறதுக்கு எதுக்கு?" என்றார். சகோதரிகளே, சோற்றில் போன தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது?

எல்லா வலியும் புளோரோசிஸ் அல்ல

உங்கள் பிள்ளைக்கு இடுப்பு வலி என்றால் உடனே இதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். தண்டுவட ஜவ்வு விலகல், முடக்குவாதம், எலும்புக் காசநோய், வைட்டமின் டி குறைவு என்று எத்தனையோ இருக்கின்றன. சிலவற்றுக்கு முழுக் குணம் தரும் மருந்தே இருக்கிறது. அதனால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று போய், என்ன நோய் என்று பெயர் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரிவதே பாதி ஆறுதல். அந்தப் பையன் எங்களிடம் சொன்னது இதுதான்: "நானே என்னைய சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க மேடம்."

வீட்டில் செய்ய வேண்டியது

இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்குகிற மருந்து இதுவரை இல்லை. யாராவது இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். ஆனால் மேலும் முற்றாமல் தடுக்கலாம், ஆரம்ப நிலை வலியைக் குறைக்கலாம்.

முதலாவது, தண்ணீர். குடிக்க, சமைக்க இரண்டுக்கும் புளோரைடு குறைந்த தண்ணீர்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் புளோரைடைக் குறைக்கும். ஆனால் அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்தால் அதில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தருகிற ஏற்பாடு செய்யப்பட்டது. அந்தப் பெட்டி உங்கள் ஊராட்சியில் இருந்தால் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். மருந்துத் துளி விட்டதும் நிறம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போகப் போக புளோரைடு அதிகம் என்று அர்த்தம்.

இரண்டாவது, சாப்பாடு. சுண்ணாம்புச் சத்து உணவில் இருந்தால் புளோரைடு உடம்பில் ஏறுவது குறையும். அதற்கு டவுனுக்குப் போக வேண்டாம். நம்ம கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். களியை விட்டுவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறியதில் எதை இழந்தோம் பாருங்கள். முருங்கைக் கீரை, பால், மோர், நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொள்ளுங்கள். பால் ஊற்றாத கடும் டீயை நாலு வேளை குடிப்பதைக் குறையுங்கள். தேயிலையிலும் புளோரைடு உண்டு.

மூன்றாவது, மாத்திரை. மருந்துக் கடையில் "வலி மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கித் தினமும் போடுவது பெரிய ஆபத்து. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். உடம்பில் சேர்ந்த புளோரைடை வெளியேற்றுவதே சிறுநீரகம்தான். அதுவும் கெட்டுப்போனால் நோய் இரட்டிப்பாகும். பெயர் சொல்லாமல் பொடி கொடுப்பவரிடமும் போக வேண்டாம்.

நான்காவது, அசைவு. படுத்தே கிடந்தால் மூட்டு இன்னும் இறுகும். அதிகம் செய்தால் வலி கூடும். இயன்முறை மருத்துவர் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியை அளவோடு தினமும் செய்ய வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. உங்கள் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். குனிந்து உட்கார முடியாதவருக்குக் கழிப்பறையில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். அந்தப் பையன் அதுவரை வெளியே போவதற்குப் பயந்து ராத்திரிச் சாப்பாட்டையே குறைத்திருந்தான். தாய்க்கே அது தெரியாது.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

இரண்டு பக்கமும் தவறு செய்கிறோம். ஒரு பக்கம், "எழுந்து வேலையப் பாரு" என்று திட்டுவது. இன்னொரு பக்கம், சோறு தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, முப்பது வயது ஆளைக் கைக்குழந்தை ஆக்கிவிடுவது. இரண்டிலும் அவன் மனம் உடைகிறது.

"இன்னைக்கு வலி எப்படி இருக்குது? உன்னால எது முடியும்?" என்று கேளுங்கள். ஒரு நாள் முடியும், ஒரு நாள் முடியாது. நேற்றுச் செய்தாயே, இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். இந்த வலியின் இயல்பே அப்படித்தான். வீட்டு வரவு செலவு, குழந்தைக்குப் பாடம், ஆட்டுக்குத் தழை வைப்பது என்று அவனால் முடிகிற பொறுப்பு ஒன்று அவன் கையில் இருக்கட்டும். குடும்பத்தில் முடிவு எடுக்கும்போது அவனையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மகளாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வலியோடு எல்லா வீட்டு வேலையும் செய்கிற பெண்ணை யாரும் நோயாளி என்றே நினைப்பதில்லை.

தூக்கம் இல்லாத வலி மனதையும் தின்னும். குடிப்பழக்கம் தொடங்கினாலோ, "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று பேசினாலோ அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். உடனே கூட உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

தாய்க்கும் உடம்பு உண்டு

அந்த அம்மாவிடம் ஒரு நாள், "நீங்கள் அந்த மூன்று காரியத்தையும் செய்து பாருங்கள்" என்றோம். அவருக்கும் கை கால் விரலைத் தொடவில்லை! அதே தண்ணீரை நாற்பது வருடம் குடித்தவர்தானே. "எனக்கு வயசாச்சு, அதான் வலின்னு நெனச்சேன்" என்றார். மகனைப் பார்க்கிற தாய் தன் உடம்பையும் காட்டிக்கொள்ள வேண்டும். "எனக்குப் பின்னால அவனுக்கு யாரு?" என்று ராத்திரியில் நீங்கள் யோசிக்கிற கேள்விக்குப் பதில், இன்றைக்கு நீங்கள் நன்றாக இருப்பதில்தான் ஆரம்பிக்கிறது. பட்டா, வங்கிக் கணக்கு, காப்பீடு, ரேஷன் கார்டு எல்லாம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

காகித வேலையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கை கால் அசைவில் ஏற்படும் குறைபாட்டுக்குச் சான்றிதழ் பெறலாம். வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் பத்தாது. எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று மருத்துவர் அளந்து சதவீதம் போடுவார். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல உதவிகளுக்குத் தகுதி உண்டு. எக்ஸ்ரே, பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் சேர்த்து வைத்துக் கொண்டுபோங்கள். எந்த உதவி கிடைக்கும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பையனுக்கு முதல் முறை சான்றிதழ் கிடைக்கவில்லை. மூன்று முறை அலைந்தார்கள். மூன்றாம் முறை குழுவின் பிரதிநிதி கூடவே போனார்.

குழு செய்தது

யார் அந்தப் பிரதிநிதி தெரியுமா? "நாங்க வட்டி கட்டணுமா?" என்று கேட்ட அதே அக்கா. அவர் வீட்டிலும் மாமியார் கூன் விழுந்து கிடந்தது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

அந்தக் குழு மூன்று தீர்மானம் போட்டது. ஒன்று, பாக்கித் தொகையைச் சின்னத் தவணையாகப் பிரித்துக் கட்ட அனுமதிப்பது. கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. அந்த அம்மாவும் அதைக் கேட்கவில்லை. இரண்டு, மருத்துவத்துக்குக் கடன் கேட்டால் மருத்துவம் என்றே எழுதுவது. மாட்டுக்கு என்று பொய் எழுத வேண்டிய நிலையைக் குழுவே உண்டாக்கக் கூடாது. மூன்று, உறுப்பினர் வீடுகளில் படுத்திருப்பவர் யார் யார் என்று கணக்கெடுத்து, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் நலிவு நிலை குறைப்பு நிதியில் உதவி கேட்பது. கணக்கெடுத்தபோது அந்த ஒரு குழுவிலேயே மூன்று வீடு வந்தது. அதுவரை மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

இப்போது அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள. முழுக் குணமாகவில்லை. சென்ட்ரிங் வேலைக்கு இனி போக முடியாது. காலையில் இரண்டு மணி நேரம் பால் சொசைட்டியில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறான். வலி கூடின நாளில் அம்மா போய், "இன்னைக்கு வர மாட்டான்" என்று சொல்லிவிடுவார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மருமகள் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை குழந்தையை அழைத்துக்கொண்டு வந்து போகிறாள். அந்தக் குழந்தைக்குச் சமைப்பது ஆற்றுத் தண்ணீரில் மட்டும்.

எனவே சகோதரிகளே, ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் எழுதி முடித்த பிறகு, தீர்மானப் புத்தகத்தை மூடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம வீடுகள்ல வலியோட யாராவது இருக்காங்களா?" பதில் உடனே வராது. கொஞ்ச நேரம் காத்திருங்கள். யாராவது ஒரு அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அவரிடம் புத்தி சொல்லாதீர்கள். எங்களைப் போலத் தவறு செய்யாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.